மந்திராலயம் போக எது சரி: ரயிலா, காரா, டூர் பஸ்ஸா?

சித்தூர், நகரி, புத்தூர், குப்பம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் மந்திராலயப் பேச்சு எழுந்தால் உடனே வரும் கேள்வி, "எதுல போறது?" பெரியப்பா கார் என்பார், அத்தை டூர் பஸ் என்பார், மொபைலில் ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை டிக்கெட் இல்லை என்பான். பேச்சு அங்கேயே நின்றுவிடும். என்னைக் கேட்டால் இது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. அங்கே ஒரு ராத்திரி தங்கப் போகிறோமா இல்லையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்குப் பதில் கிடைத்தால் வண்டி விஷயம் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

காரணம் மடத்தின் அன்றாட நடைமுறையில் இருக்கிறது. ராகவேந்திர சுவாமி மடத்தில் கண்கொள்ளாத நேரங்கள் இரண்டு. ஒன்று விடியற்காலை. முந்தைய நாள் அலங்காரத்தைக் களைந்து, சுவாமியின் சமாதியான பிருந்தாவனத்துக்கு அபிஷேகம் செய்து, மறுபடி அலங்காரம் செய்வதை அப்போது பார்க்கலாம். மற்றொன்று இருட்டிய பிறகு. பிரகலாதராஜரின் உற்சவ மூர்த்தியை ரதத்தில் ஏற்றிப் பிராகாரத்தில் வலம் வரும் நேரம் அது. ராயர் என்று அழைக்கப்படும் ராகவேந்திரர் பிரகலாதனின் அவதாரம் என்பது மத்வாச்சாரியரைப் பின்பற்றும் மாத்வர்களின் நம்பிக்கை, அதனால்தான் இங்கே அந்த மூர்த்திக்கு இவ்வளவு பெருமை. நடுவில் மதியம் தரிசனம் நிறுத்தி, மாலையில் மறுபடி திறப்பார்கள். ஆக, காலை பத்து மணிக்கு இறங்கி மதியச் சாப்பாட்டோடு கிளம்புகிறவருக்குக் கிடைப்பது வரிசையும் வெயிலும் சில நொடி தரிசனமும்தான். அது போதும் என்பவர்கள் இருக்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் போக நானூறு, வர நானூறு கிலோமீட்டர் அலைந்து இதற்காகத்தானா என்று எனக்குத் தோன்றும்.

ராயர்மேல் நம் பக்கத்துக்காரர்களுக்கு இவ்வளவு பிடிப்பு இருப்பதில் ஆச்சரியமில்லை. சிதம்பரத்துக்குப் பக்கத்துப் புவனகிரியில் 1595-ல் பிறந்தவர், பெற்றோர் வைத்த பெயர் வேங்கடநாதன். கும்பகோணத்தில் சுதீந்திர தீர்த்தரிடம் படித்து, 1621-ல் தஞ்சாவூரில் சந்நியாசம் வாங்கி மடத்தின் பீடத்துக்கு வந்தார். கடைசியில் துங்கபத்திரைக் கரையில் மாஞ்சாலி என்ற கிராமத்தை ஆதோனி நவாபிடமிருந்து பெற்று, 1671-ல் அங்கேயே பிருந்தாவனப் பிரவேசம் செய்தார். அந்த மாஞ்சாலிதான் இன்றைய மந்திராலயம், கர்நூல் மாவட்டம். பிறந்தது தமிழ்நாட்டில், அடங்கியது ஆந்திராவில், ஆற்றுக்கு அக்கரையில் கர்நாடகம். எல்லையோரத்தில் இரண்டு மொழி பேசி வாழ்கிற நமக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பழக்கமானது.

சரி, வண்டிக்கு வருவோம்.

ரயில்

சென்னை–மும்பை பழைய தடம் அரக்கோணம், ரேணிகுண்டா, கடப்பா, குத்தி, குந்தக்கல், ஆதோனி வழியாகப் போகிறது. ஆதோனியைத் தாண்டியதும் மந்திராலயம் ரோடு ஸ்டேஷன். முன்பு அதற்குத் துங்கபத்திரா என்று பெயர். நகரி, புத்தூர்க்காரர்கள் ரேணிகுண்டாவில் ஏறினால் சரி. திருப்பதியிலிருந்து கிளம்பும் ராயலசீமா எக்ஸ்பிரஸும் இந்த வழிதான். சித்தூர்க்காரர்களுக்குக் கன்னியாகுமரி–புனே ரயில் ஊரிலேயே நிற்கிறது. குப்பத்துக்காரர்கள் மட்டும் தனிக் கதை. அவர்கள் ரேணிகுண்டாவுக்கு வருவதைவிட பெங்களூர் போய், அனந்தபுரம், குந்தக்கல் வழியாக வடக்கே போகும் கர்நாடகா எக்ஸ்பிரஸ் மாதிரியான ரயிலைப் பிடிப்பது சுலபம்.

ரேணிகுண்டாவிலிருந்து மந்திராலயம் ரோடு, ரயிலைப் பொறுத்து ஏழெட்டு மணி நேரம். ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு ஏறிப் படுத்தால் விடியும்போது இறங்கலாம். அப்படி ஒரு ரயில் அமைந்துவிட்டால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். சிக்கல் என்னவென்றால், மாலை நாலு, ஐந்து மணிக்குக் கிளம்பும் ரயிலும் உண்டு, அது நடுராத்திரியில் இறக்கிவிடும். ஸ்டேஷனிலிருந்து ஊர் பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. பகலில் ஷேர் ஆட்டோ, ஜீப், பஸ் எல்லாம் உண்டு. நடுராத்திரியில் ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை, போய் இறங்கும்போது அறை கொடுக்க ஆள் இருக்கிறாரா என்ற கவலை வேறு. ஆகவே டிக்கெட் எடுக்கும்போது கிளம்பும் நேரத்தைப் பார்க்காமல் சேரும் நேரத்தைப் பாருங்கள். காலை நாலு மணியிலிருந்து எட்டு மணிக்குள் சேர்வது நல்ல ரயில். நடுநிசியில் சேர்வதுதான் கிடைக்கிறது என்றால், வெயிட்டிங் ரூமில் விடியும்வரை உட்காரத் தயாராகப் போங்கள். சின்ன வயசுக்காரர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. எழுபது வயசுப் பாட்டியோடு போகிறவர்களுக்குப் பெரிய விஷயம்.

முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. அதற்கு முன் 120 நாள் இருந்தது. குறைத்ததில் நமக்கு ஒரு வகையில் லாபம். ஆடி பிறப்பதற்குள்ளேயே, ராயர் பிருந்தாவனம் புகுந்த நாளைக் கொண்டாடும் ஆராதனைக்கு டிக்கெட் தீர்ந்துபோன காலம் மாறி, இப்போது இரண்டு மாதம் முன்பு கணக்கு வைத்து உட்கார்ந்தால் இடம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை 2020-ல் நிறுத்தியதை ரயில்வே திரும்பக் கொண்டுவரவில்லை. "பாட்டிக்குப் பாதி டிக்கெட்தானே" என்று இன்னும் கணக்குப் போடும் வீடுகள் இருக்கின்றன, அந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் கீழ் பெர்த் கேட்கும் வசதி இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

ரயிலின் குறை, அது மந்திராலயத்தை மட்டும்தான் காட்டும். வழியில் எதையும் காட்டாது. எனக்கு அது குறையாகவே படவில்லை. ஆனால் வீட்டில் அப்படி நினைக்காதவர்களும் இருப்பார்கள், அவர்களுக்குத்தான் கார்.

கார் அல்லது வேன்

சித்தூரிலிருந்து பீலேர், மதனபள்ளி, கதிரி, அனந்தபுரம், குந்தக்கல், ஆதோனி என்று ஒரு வழி. நகரி, புத்தூரிலிருந்து ரேணிகுண்டா, கடப்பா, தாடிபத்ரி, குத்தி என்று இன்னொரு வழி. எதில் போனாலும் நானூறு கிலோமீட்டருக்கு மேல். போக வர 850 என்று வைத்துக்கொண்டு, லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கும் டீசல் வண்டி என்றால் 57 லிட்டர் ஆகும். ஆந்திராவில் டீசல் விலை தமிழ்நாட்டைவிட அதிகம் என்பது எல்லையோரத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். திருத்தணிப் பக்கமோ காட்பாடிப் பக்கமோ வேலை இருக்கும்போது டேங்கை நிரப்பிக்கொள்கிற பழக்கம் இந்தப் பயணத்துக்கும் உதவும். டோல், டிரைவர் பேட்டா சேர்த்தால் மூன்று பேருக்கு கார் கட்டுப்படியாகாது. ஆறு பேர், ஏழு பேர் என்றால் ரயில் ஏசி டிக்கெட்டோடு ஏறக்குறைய சமமாக வந்துவிடும். பன்னிரண்டு பேர் சேர்ந்து டெம்போ டிராவலர் எடுத்தால் அதுவே மலிவு.

காரில் போவதன் உண்மையான லாபம் பணத்தில் இல்லை, வழியில் இருக்கிறது. கதிரி வழியாகப் போனால் நரசிம்மர் கோயில். ராயரைப் பிரகலாதனாகப் பார்க்கிறவர்களுக்குப் போகிற வழியில் நரசிம்மரைத் தரிசித்துவிட்டுப் போவதைவிடப் பொருத்தம் வேறு என்ன வேண்டும்? கதிரிக்குப் பக்கத்தில்தான் திம்மம்மா மர்ரிமானு, 1989-ல் கின்னஸில் ஏறிய பிரம்மாண்டமான ஆலமரம். குழந்தைகள் கூட வந்தால் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். கடப்பா வழியில் போகிறவர்களுக்கு ஒண்டிமிட்டா கோதண்டராமர், தாடிபத்ரியில் சிந்தல வெங்கடரமணர் கோயிலின் கல்வேலை.

குத்தி வழியாகப் போனால் மலைமேல் கோட்டை தெரியும். இந்த இடத்தில் மன்றோவை நினைக்காமல் போக முடியாது. 1800-ல் இந்தச் சீமைக்குக் கலெக்டராக வந்த தாமஸ் மன்றோ, மடத்தின் மானிய நில விஷயமாக மந்திராலயம் போனபோது, பிருந்தாவனத்துக்குள்ளிருந்து ராயர் எழுந்து வந்து அவரோடு பேசினார், கூட இருந்தவர்கள் கண்ணுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை என்று மடத்தில் சொல்வார்கள். பிறகு மெட்ராஸ் கவர்னரான மன்றோ 1827-ல் இதே பக்கத்துப் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். முதலில் அடக்கம் செய்தது குத்தியில்தான், அப்புறம்தான் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்துக்கு எடுத்துப் போனார்கள். திருமலையில் மன்றோ கங்காளம் என்று ஒரு நைவேத்தியப் பாத்திரத்தைச் சொல்வார்களே, அதே மன்றோதான். வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவரைத் திருமலையும் மந்திராலயமும் சேர்ந்து பங்கு போட்டுக்கொண்டது வேறெங்கும் நடந்திருக்குமா என்று தெரியவில்லை.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஆதோனிப் பக்கம் காலையில் உக்கானியும் மிளகாய் பஜ்ஜியும் சாப்பிடாமல் வந்தால் அந்தப் பயணம் பாதிதான். பொரியை நனைத்துப் பிழிந்து தாளித்துப் போடுகிற பலகாரம், கூட நீளமான மிளகாயில் போட்ட பஜ்ஜி. நம் பக்கத்தில் இட்லிக்கே பழகிய நாக்கு முதல் வாயில் கொஞ்சம் திகைக்கும். ரயிலில் போகிறவர்களுக்கு இது கிடைக்காமல் போகும் என்பதை நேர்மையாகக் காரின் பக்கத்தில் எழுதித்தான் ஆக வேண்டும்.

காரின் தொல்லைகள் இரண்டு. முதலாவது, ஒரே ஆள் ஓட்டுவது. எட்டு, ஒன்பது மணி நேரம் ஓட்டிப் போய், மறுநாள் தரிசனம் முடித்த கையோடு திரும்பவும் எட்டு மணி நேரம். நான்குவழி நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் பருத்தி லாரிகளும் டிராக்டர்களும் வரும் சாலை, அதில் ராத்திரி ஓட்டுவது நல்லதில்லை. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, வழியில் ஒரே ஒரு கோயிலில் நின்று, மாலை ரதத்துக்கு முன்பு போய்ச் சேர்வது சரியான கணக்கு. இரண்டாவது தொல்லை, பெர்மிட். பஞ்சமுகி ஆஞ்சநேயர் கோயில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில் ராய்ச்சூர் மாவட்டத்தில் இருக்கிறது. சொந்தக் காருக்குப் பிரச்சினை இல்லை. வாடகைக்கு எடுக்கும் மஞ்சள் போர்டு வண்டிக்கு ஆல் இந்தியா பெர்மிட் இல்லாவிட்டால் எல்லை தாண்ட வரி கட்ட வேண்டும். வேலூரிலோ திருத்தணியிலோ வண்டி பேசினால் ஆந்திராவுக்குள் நுழையும்போதே இந்தக் கேள்வி வரும். வாடகை பேசும்போதே கேட்டு, யார் கட்டுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கடைசி நிமிஷத்தில் டிரைவர் "சார், அங்க போக முடியாது" என்று சொல்வது நடக்கக்கூடியதுதான். அப்படிச் சொன்னால் சண்டை போடாமல் வண்டியை மந்திராலயத்திலேயே நிறுத்திவிட்டு, ஊரிலிருந்து பஞ்சமுகிக்கு ஓடும் ஷேர் ஜீப்பிலோ ஆட்டோவிலோ போய் வரலாம்.

பஞ்சமுகிக்குப் போகத்தான் வேண்டுமா என்று கேட்டால், போக வேண்டும் என்பேன். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ராயர் பல வருஷம் தவமிருந்து ஐந்து முக அனுமனைத் தரிசித்த இடம் என்று நம்புகிறார்கள், பாறைகளின் இடுக்கில் கோயில். அதே அக்கரையில் ஆற்றோரம் பிச்சாலே. ராயரின் சீடர் அப்பணாச்சாரியர் வாழ்ந்த இடம். குரு பிருந்தாவனத்துக்குள் போகிறார் என்று கேள்விப்பட்டு, ஸ்தோத்திரத்தைச் சொல்லிக்கொண்டே வெள்ளத்தில் இறங்கி ஆற்றைக் கடந்து ஓடி வந்தவர் என்று சொல்லப்படுபவர். அவர் வைத்த பிருந்தாவனம் அங்கே இருக்கிறது. கூட்டம் குறைவு, உட்காரலாம். பஞ்சமுகியா பிச்சாலேயா, ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பெரியவர்கள் பஞ்சமுகி கேட்பார்கள். எனக்குப் பிச்சாலே.

டூர் பஸ்

சனிக்கிழமை ராத்திரி கிளம்பி, ஞாயிறு காலை சேர்ந்து, குளித்து, தரிசனம், பஞ்சமுகி, மதியச் சாப்பாடு, மாலையில் கிளம்பி, திங்கள் காலை வீடு. பெரும்பாலான டூர்களின் அமைப்பு இதுதான். இரண்டு ராத்திரியும் சீட்டில். விடியற்கால அபிஷேகமும் கிடையாது, மாலை ரதமும் கிடையாது. அதுவும் வாரத்திலேயே கூட்டம் கூடும் கிழமைகளில் ஒன்றில். குளிக்க ஒரே அறையை இருபது பேருக்குத் திறந்துவிடுவார்கள் என்பதையும் பெண்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தனியாக இருக்கிற வயதான பெண்கள், பிள்ளைகளுக்கு லீவு கிடைக்காத பெற்றோர்கள், டிக்கெட் போடவோ அறை பிடிக்கவோ தெரியாதவர்கள், இவர்களுக்கு டூர் பஸ்தான் ராயரிடம் போகும் ஒரே வழி. தெருவில் பத்து பேர் சேர்ந்து போகும்போது வரும் சந்தோஷமும் தனி. அப்படிப் போகிறவர்கள் ஏற்பாட்டாளரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ரதம் பார்த்துவிட்டுக் கிளம்பலாமா?" பத்து பேர் சேர்ந்து கேட்டால் பல பேர் ஒப்புக்கொள்வார்கள். திங்கள் வீடு சேர இரண்டு, மூன்று மணி நேரம் தாமதமாகும், அவ்வளவுதான். மந்திராலயத்தோடு ஹம்பி, பண்டரிபுரம், ஷீரடி என்று நாலைந்து ஊரைச் சேர்த்துப் போட்ட டூர்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் மந்திராலயம் என்பது டிபன் சாப்பிட நின்ற ஊர் மாதிரி ஆகிவிடும்.

ஆர்டிசி பஸ்ஸில் போகலாமா? 2025 ஆகஸ்ட் 15-லிருந்து ஆந்திராவில் பெண்களுக்கு பல்லெவெலுகு என்ற சாதாரண பஸ்களிலும் எக்ஸ்பிரஸ் பஸ்களிலும் இலவசம் என்பதால் இந்தக் கேள்வி இப்போது நம் வீடுகளில் அதிகம் கேட்கிறது. ஆந்திர முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும், திருத்தணி அக்காவுக்குக் கிடையாது, நகரி அக்காவுக்கு உண்டு. லக்சரி பஸ்களுக்கு இது பொருந்தாது. நானூறு கிலோமீட்டரை எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் மாறி மாறிப் போவது முதுகுக்கு நல்லதில்லை. ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு, ஊரிலிருந்து ஆதோனிக்கு என்று சின்னத் தூரங்களுக்கு இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எந்தக் கிழமை

இங்கேதான் வீட்டில் பெரிய சண்டை வரும். வியாழக்கிழமை ராயருக்கு உகந்த நாள், ஆகவே வியாழன்தான் போக வேண்டும் என்று பாட்டி நிற்பார். வியாழன் கூட்டம் உண்மையிலேயே அதிகம். சனி, ஞாயிறு பெங்களூர், ஹைதராபாத்துக்காரர்கள் நிறைந்துவிடுவார்கள். திங்கள், செவ்வாய், புதன் மூன்றில் போவது நிம்மதி. பாட்டி விடமாட்டேன் என்றால் ஒரு சமரசம் இருக்கிறது. புதன் பகலில் போய்ச் சேர்ந்து, மாலை ரதம் பார்த்து, ராத்திரி தங்கி, வியாழன் விடியற்காலையிலேயே தரிசனம் முடித்துவிடுங்கள். பெருங்கூட்டம் வந்து சேர்வதற்குள் நீங்கள் பிரசாதம் வாங்கிக்கொண்டிருப்பீர்கள். குருவாரத் தரிசனமும் ஆச்சு, பாட்டி காலும் பிழைத்தது.

போகும் தேதியில் ஏகாதசி வருகிறதா என்று காலண்டரைப் பார்த்துவிடுங்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மாத்வ மடத்தில் ஏகாதசி என்றால் முழு உபவாசம், அன்று மடத்தில் அன்னப் பிரசாதம் கிடையாது. விரதம் இருக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல நாள் இல்லை. குழந்தைகளோடும் சர்க்கரை வியாதிக்காரர்களோடும் போகிறவர்கள் வெளி ஹோட்டலை நம்ப வேண்டியிருக்கும். மடத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதும் இந்தப் பயணத்தில் ஒரு பங்கு என்பதால், நான் ஏகாதசியைத் தவிர்க்கவே சொல்வேன்.

ஆராதனைக்குப் போகலாமா? சந்திரக் கணக்கின் சிராவண மாதத் தேய்பிறைத் துவிதியையை நடுவில் வைத்து மூன்று நாள், ஆங்கில மாதக் கணக்கில் பெரும்பாலும் ஆகஸ்ட். நடு நாளில் திருமலையிலிருந்து ஸ்ரீவாரி வஸ்திரம் வரும், மூன்றாம் நாள் மகாரதோத்சவம். வாழ்க்கையில் ஒரு முறை பார்க்க வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் முதல் முறை போகிறவர்கள் ஆராதனைக்குப் போகாதீர்கள். ஊரே தெரியாமல் கூட்டத்தில் நகர்ந்து வெளியே வந்துவிடுவீர்கள். ஒரு முறை சாதாரண நாளில் போய்ப் பழகிக்கொண்டு, அப்புறம் ஆராதனைக்குப் போனால் எங்கே நிற்க வேண்டும் என்பது தெரியும். சித்திரை, வைகாசியில் போவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அது கரிசல் பூமி, வெயில் 40 டிகிரியைத் தாண்டும், கற்பாவிய தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். துங்கபத்திரையில் தண்ணீரும் பாறைகளுக்கு நடுவே ஓடைகளாகத்தான் இருக்கும். கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். மழைக்காலத்தில் ஆறு நிறைந்து ஓடும்போது பார்க்க அழகு, இறங்கக் கூடாது. 2009 அக்டோபரில் இந்த ஆறு ஊருக்குள்ளேயே புகுந்து மடத்தை மூழ்கடித்தது. தண்ணீர் அளவாக இருக்கும்போதும் பாறை இடுக்குகளில் பள்ளம் உண்டு, படித்துறையை விட்டு நகராமல் குளிப்பது நல்லது.

தங்குவது

மடத்துக்குச் சொந்தமாக நிறைய தங்குமிடங்கள் இருக்கின்றன, ஆன்லைனில் முன்பதிவு செய்யலாம், நேரில் போயும் வாங்கலாம். வாடகை குறைவு, கோயிலுக்கு நடந்து போகிற தூரம். தனியார் லாட்ஜ்களும் ஏராளம். படுக்கையும் ஏசியும் கொஞ்சம் மேலாக இருக்கலாம், வியாழனிலும் விடுமுறையிலும் வாடகை ஏறும். விடியற்காலை எழுந்து போவதுதான் நோக்கம் என்றால் மடத்து அறையே மேல், பக்கத்தில் இருக்கிறது என்ற ஒரு காரணம் போதும். கைக்குழந்தை இருந்தாலோ, மேற்கத்திய கழிப்பறை இல்லாமல் முடியாதவர்கள் இருந்தாலோ லாட்ஜ் பாருங்கள். எதுவானாலும் ஆதார் அட்டை எல்லோருடையதும் கையில் இருக்கட்டும்.

தரிசனத்தில் ஒரு முறை உண்டு. முதலில் மாஞ்சாலம்மன், பிறகுதான் ராயர். கிராம தேவதையிடம் அனுமதி வாங்கித்தான் அவரே அங்கே அமர்ந்தார் என்பது ஐதீகம். டூர் பஸ் அவசரத்தில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக முடியும், வேட்டி கட்டிப் போனால் சௌகரியம்.

புட்டபர்த்தியையும் சேர்க்கலாமா?

கதிரி வழியாகக் காரில் போகிற எல்லோரும் இதைக் கேட்பார்கள். வழிக்குப் பக்கம்தான், வரைபடத்தில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். சத்ய சாயி பாபா பிறந்து, வாழ்ந்து, 2011 ஏப்ரல் 24-ல் மறைந்த ஊர். பிரசாந்தி நிலையத்தில் அவருடைய சமாதி. ஆனால் அங்கேயும் அழகு காலை மாலை பஜனையில்தான் இருக்கிறது. அமைதியாக ஒரு மூலையில் உட்கார நேரம் வேண்டும். மந்திராலயத்துக்குப் போகும் அவசரத்தில் அரை மணி நேரம் நுழைந்து வெளியே வந்தால் இரண்டு ஊருக்கும் நியாயம் செய்ததாகாது. மூன்று நாள் லீவு இருந்தால் திரும்பும் வழியில் ஒரு ராத்திரி புட்டபர்த்தியில் தங்குங்கள். இரண்டு நாள்தான் என்றால் அதை வேறு சமயத்துக்குத் தள்ளிவையுங்கள். சித்தூரிலிருந்து அது தனியாகவே போய்வரக்கூடிய தூரம். இதே பதில்தான் ஹம்பிப் பக்கம் ஆனேகுந்தியில் ஆற்றுத் தீவில் இருக்கும் நவபிருந்தாவனத்துக்கும். ராயரின் குரு சுதீந்திரரும் அங்கேதான் இருக்கிறார் என்பதால் ஆசை நியாயமானது. ஆனால் அதற்கு இன்னும் ஒரு முழு நாள் வேண்டும்.

ஆகவே என் ஓட்டு இப்படி. இரண்டு முதல் நான்கு பேர், எல்லோரும் நடக்கக்கூடியவர்கள்: விடியலில் சேரும் ரயில், ஒரு ராத்திரி மடத்தில், மறுநாள் ராத்திரி ரயிலில் திரும்புவது. ஆறு பேருக்கு மேல், கூடவே முழங்கால் வலிக்காரர்கள்: வேன், இரண்டு டிரைவர் அல்லது ஓட்டத் தெரிந்த இன்னொருவர், விடியற்காலைப் புறப்பாடு. தனியாளான முதியவர்கள்: தெருக்காரர்களோடு டூர் பஸ், ரதம் பார்த்துவிட்டுக் கிளம்பும் ஒப்பந்தத்தோடு.

ரயிலை எடுத்துக்கொள்பவர்கள் திரும்பும் டிக்கெட்டை முதலில் போடுங்கள். போகும் ரயிலில் ரேணிகுண்டாவில் ஏறுகிறோம், ஓரளவு இடம் கிடைக்கும். திரும்பும்போது மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் நிறைந்து வரும் வண்டியில் நடுவழி ஸ்டேஷனில் ஏற வேண்டும், தட்கலை நம்பி இருக்க முடியாது. பரிமளப் பிரசாதம் வாங்குவதைக் கடைசி நேரத்துக்கு வைக்காமல் காலைத் தரிசனம் முடிந்ததும் வாங்கிவிடுங்கள். சொந்தக்காரர் வீடுகளுக்கு எத்தனை பாக்கெட் என்று எண்ணி, அதற்கு மேல் நாலு சேர்த்தே வாங்குங்கள். ஊர் திரும்பிய மறுநாள் விட்டுப்போன ஒருவர் ஞாபகத்துக்கு வருவார்.